கடலூர்–சிதம்பரம் சாலையில் ஒரு சோப்புக்கட்டி

கடலூர் முதுநகரில் தொடங்கிச் சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளில் முடியும் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சாலை, நடராசரைத் தரிசிக்கச் செல்வோரும் பிச்சாவரத்தில் படகு ஏறச் செல்வோரும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகச் செலவிட்டுக் கடந்துவிடும் வழியாகவே அறியப்பட்டிருக்கிறது. ஆயினும் குளியல் சோப்பின் உறையில் பொடி எழுத்தில் அச்சாகும் பொருட்பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று தேடிச் செல்பவருக்கு இதைவிடப் பொருத்தமான சாலை தமிழகத்தில் அரிது. கொழுப்புக்கு ஒரு துறைமுகம், காரத்துக்கும் வேதிப்பொருளுக்கும் ஒரு தொழிற்பேட்டை, மணத்துக்கு ஒரு மணற்காடு, மூலிகைக்கு ஒரு கடைவீதி என இவ்வழியில் எல்லாமே உண்டு. அவற்றுள் எது இன்றும் கட்டியினுள் இருக்கிறது, எது உறையின் மேல் படமாக மட்டும் எஞ்சியிருக்கிறது என்று பிரித்தறிவதே இப்பயணத்தின் நோக்கம்.

முதுநகரின் எந்த மளிகைக் கடையிலும் தொங்கும் சோப்பு ஒன்றை வாங்கி உறையைத் திருப்பினால், ஓரத்து மடிப்பில், அரிசி மணியை விடச் சிறிய எழுத்துகளில், சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட், தண்ணீர், வாசனைப் பொருள், கிளிசரின், சோடியம் குளோரைடு, டைட்டானியம் டையாக்சைடு, டெட்ராசோடியம் ஈ.டி.டி.ஏ., எட்டிட்ரோனிக் அமிலம் என்ற வரிசையும், அதன் வாலில் சி.ஐ. என்ற எழுத்துகளைத் தொடர்ந்து ஐந்திலக்க எண்களும் காணப்படும். எடையில் மிகுந்தது முதலிலும் குறைந்தது பின்னுமாக எழுதப்படுவது இப்பட்டியலின் மரபு என்பதும், ஒரு சதவீதத்துக்கும் குறைவான பொருள்களை இறுதியில் எந்த வரிசையிலும் எழுதலாம் என்பதும் தெரிந்தவருக்கு, முதல் மூன்று பெயர்களிலேயே கட்டியின் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்பது விளங்கும். ஐந்திலக்க எண்கள் நிறங்களைக் குறிப்பவை; 77891 என்பது வெண்மை தரும் டைட்டானியம் டையாக்சைடுக்கே உரிய எண் என்பதால், ஒரே பொருள் சில உறைகளில் பெயராகவும் சிலவற்றில் எண்ணாகவும் வருகிறது.

முதலில் வரும் அந்தச் சோடியம் பாமேட் எண்ணெயும் அன்று, காரமும் அன்று. இரண்டும் சேர்ந்து தம் இயல்பை இழந்தபின் பிறந்த மூன்றாவது பொருள். எண்ணெயோ கொழுப்போ எதுவாயினும், அதன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசரினைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. அதனோடு காஸ்டிக் சோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடின் கரைசல் சேரும்போது அந்தப் பிடி அவிழ்ந்து, கொழுப்பு அமிலங்கள் சோடியத்தோடு இணைந்து சோப்பாகின்றன, கிளிசரின் தனித்து நிற்கிறது. பாமாயிலிலிருந்து வந்தால் பாமேட், தேங்காய் எண்ணெயிலிருந்து வந்தால் கோகோயேட், மாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தால் டாலோவேட் என்று பெயர் மாறுமேயன்றி வினை ஒன்றுதான். கொழுப்பின் இந்த உட்கட்டமைப்பை ஆராய்ந்து நிறுவியவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரூல். அவருடைய நூல் 1823இல் வெளிவந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மக்கள் சோப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு செய்தி.

பிரான்சின் பெயர் இங்கே தற்செயலாக வரவில்லை. உப்பனாறும் கெடிலமும் கடலோடு கலக்கும் கழிமுகத்தை ஒட்டிய முதுநகர், 1690இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய புனித டேவிட் கோட்டையின் துணி வணிகத்தால் வளர்ந்த ஊர் என்பது பலரும் அறிந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வட்டாரத்தின் விதியை மாற்றியதோ துணியன்று, நிலக்கடலை. மல்லாட்டை என்று தென்னார்க்காட்டு மக்கள் சொல்லும் இந்தப் பயிர், பண்ணுருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் புன்செய்களில் பரவி, வடக்கே 20 கிலோமீட்டர் தொலைவில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரித் துறை வழியாக மார்செய் நகருக்குக் கப்பல் கப்பலாகச் சென்றது. அந்நகரின் எண்ணெய் ஆலைகள் அதனைப் பிழிந்து ஒரு பகுதியை உணவுக்கும் ஒரு பகுதியைச் சோப்புக்கும் அனுப்பின. ஒலிவ எண்ணெய் தவிர வேறெதுவும் சேரக்கூடாதென்று பதினான்காம் லூயி மன்னர் 1688இல் ஆணையிட்ட அதே மார்செய் சோப்பில், இரண்டு நூற்றாண்டுகள் கழித்துத் தென்னார்க்காட்டு விவசாயியின் மல்லாட்டையும் கலந்தது. அச்சோப்பின் பக்கவாட்டில் இன்றும் பொறிக்கப்படும் 72 சதவீதம் என்ற முத்திரை, கட்டியில் எண்ணெயின் பங்கு எவ்வளவு என்பதை வாங்குவோர் அறிவதற்காக இடப்பட்டது. இந்தியச் சோப்பின் உறையில் உள்ள டி.எஃப்.எம். என்ற மூன்றெழுத்தும் சொல்ல வருவது ஏறத்தாழ அதையேதான்.

இன்று கடலூர் மாவட்டத்து மல்லாட்டை சோப்புக்குப் போவதில்லை; போக வேண்டிய தேவையும் இல்லை. அதற்குக் காரணம் விலை மட்டுமன்று. நிலக்கடலை எண்ணெயில் மிகுதியாக உள்ள ஓலியிக், லினோலியிக் அமிலங்கள் மென்மையான, விரைவில் கரையும் கட்டியைத் தருகின்றன. லினோலியிக் மிகுந்த சோப்பு நாட்பட்டால் சிக்கு வாடையும் அடிக்கும். பாமாயிலின் பால்மிட்டிக் அமிலம் கட்டிக்கு உறுதி தருகிறது. தேங்காய் எண்ணெயிலும் பனைவிதை எண்ணெயிலும் உள்ள லாரிக் அமிலம் உப்புக் கலந்த நீரிலும் நுரைக்கிறது. எனவே பாமாயில் எட்டுப் பங்கும் பனைவிதை எண்ணெய் இரண்டு பங்கும் சேர்ந்த கலவையே பல ஆலைகளின் அடிப்படையாகிவிட்டது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இக்கலவையிலிருந்து சோப்பு நூடுல்ஸ் என்ற பெயரில் சிறு துண்டுகள் செய்யப்பட்டுச் சாக்குகளில் வந்திறங்குகின்றன. சிறிய நிறுவனங்கள் பலவும் அவற்றை வாங்கி, நிறமும் மணமும் சேர்த்து, உருளைகளிடையே அரைத்து, அழுத்தி நீட்டி, வெட்டி, முத்திரை குத்துகின்றன. விளம்பரத்தில் நூறு வேறுபாடுகள் பேசப்படும் பல கட்டிகளுக்கு அடிப்படை இந்த ஒரே துண்டுகள்தாம். முதுநகரின் மீன்பிடித் துறைமுகத்தைக் கடக்கும்போது மற்றொரு கைவிடப்பட்ட வழியும் நினைவுக்கு வரும்: சென்னை மாகாண மீன்வளத் துறையில் பிரடெரிக் நிக்கல்சன் தொடங்கிவைத்த மீன் எண்ணெய் ஆய்வுகளிலிருந்து சோப்பு முயற்சி பிறந்து, 1914இல் கோழிக்கோட்டில் அரசுச் சோப்பு நிறுவனமாக வளர்ந்தது.

டி.எஃப்.எம். என்பது மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. குளியல் சோப்புகளுக்கான ஐ.எஸ். 2888 தரநிலை, குறைந்தது 76 சதவீதம் கொழுப்புப் பொருள் உள்ளதை முதல் தரம் என்றும், 70 உள்ளதை இரண்டாம் தரம் என்றும், 60 உள்ளதை மூன்றாம் தரம் என்றும் பிரிக்கிறது. ஐ.எஸ். 13498 என்னும் வேறொரு தரநிலையின்கீழ் வருபவை ‘பாத்திங் பார்’ எனப்படும் குளியல் கட்டிகள்; அவற்றுக்கு 40 சதவீதம் போதும். எஞ்சிய இடத்தை நீரும், டால்க், கயோலின் போன்ற களிமண் தூள்களும், செயற்கைச் சலவைப் பொருள்களும் நிரப்பலாம். ஒரே அலமாரியில், ஒரே அளவில், ஒரே மணத்தில் அடுக்கப்பட்டிருக்கும் இரண்டு கட்டிகளில் ஒன்று ‘டாய்லெட் சோப்’ என்றும் மற்றொன்று ‘பாத்திங் பார்’ என்றும் உறையின் மூலையில் எழுதியிருப்பதைக் கவனிப்பவர் மிகச் சிலர். தூள் மிகுந்த கட்டி சோப்புப் பெட்டியில் குழைந்து பாதி வீணாகும்போதுதான் விலைக்குறைவின் கணக்கு வெளிப்படுகிறது.

முதுநகரைத் தாண்டித் தெற்கே சென்றால் சாலையின் இருமருங்கும் சிப்காட் தொழிற்பேட்டை தொடங்குகிறது. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி, பி.வி.சி. எனப் பலவகை வேதிப்பொருள்களின் ஆலைகள் 1980களிலிருந்து குடிகாடு, ஈச்சங்காடு, பச்சையாங்குப்பம் ஆகிய ஊர்களை ஒட்டி எழுந்தன. சோப்பின் மறுபாதியான காரத்தைப் பற்றிப் பேச இதுவே ஏற்ற இடம். உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒருபுறம் காஸ்டிக் சோடாவும் மறுபுறம் குளோரினும் பிறக்கின்றன, குளோரின் பி.வி.சி. குழாய்க்கும் பூச்சிக்கொல்லிக்கும் போக, சோடா சோப்புக்கும் காகிதத்துக்கும் போகிறது. ஒன்றை வேண்டுபவர் மற்றொன்றும் பிறப்பதைத் தவிர்க்க இயலாது. இத்தகைய ஆலைகள் வருமுன் காரம் மண்ணிலிருந்தே கிடைத்தது: கடலூரின் வண்ணாரப்பாளையம் போன்ற பகுதிப் பெயர்களில் எஞ்சியிருக்கும் பழைய சலவைத் தொழிலில், சோடியம் கார்பனேட் இயல்பாகவே கலந்திருக்கும் உவர்மண்ணைக் கரைத்துத் துணியை நனைத்து, வெள்ளாவியில் வைத்து அவித்து அழுக்கை எடுத்தார்கள். துணியின் எண்ணெய்ப் பிசுக்கு அந்தக் காரத்தோடு வினைபுரிந்தபோது, பானைக்குள்ளேயே சிறிதளவு சோப்பு உருவாயிற்று என்பதை வேதியியல் பின்னர் விளக்கியது.

காஸ்டிக் சோடா தோலை அரித்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் ஒழுங்காகச் செய்த கட்டியில் அது இராது, ஏனெனில் அது முழுவதும் கொழுப்பில் செலவாகிவிடுகிறது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 183 கிராமும், பாமாயிலுக்கு 141 கிராமும், நிலக்கடலை எண்ணெய்க்கு 136 கிராமும் சோடா வேண்டும். கைவினையாகச் சோப்புச் செய்வோர் இக்கணக்கில் ஐந்து விழுக்காடு அளவுக்குச் சோடாவைக் குறைத்து, சிறிது எண்ணெய் வினைபுரியாமல் எஞ்சும்படி விடுவது பாதுகாப்புக்கும் தோலின் இதத்துக்குமான ஏற்பாடு. ஆலையிலோ உப்புநீரைச் சேர்த்துச் சோப்பைத் திரட்டி மேலே மிதக்கவிட்டு, அடியில் தங்கும் நீரிலிருந்து கிளிசரினைப் பிரித்தெடுத்து மருந்துத் தொழிலுக்கு விற்கிறார்கள். உறையில் காணும் சோடியம் குளோரைடு இந்த உப்பின் எச்சமே. பிரித்தெடுத்த கிளிசரினில் ஒரு சிட்டிகையைத் திரும்பச் சேர்த்துவிட்டு அதையே உறையில் பெரிய எழுத்தில் போற்றுவதை வணிகத்தின் நகைச்சுவை என்றே கொள்ளலாம். ஒளி ஊடுருவும் கட்டிகளில் மட்டும் கிளிசரின் உண்மையாகவே மிகுதி. சோப்பைச் சாராயத்தில் கரைத்து, கிளிசரினும் சர்க்கரையும் சேர்த்து, படிகமாக உறையவிடாமல் தடுப்பதால் கண்ணாடித் தன்மை வருகிறது. கடலூருக்கு மேற்கே நெல்லிக்குப்பத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சர்க்கரை ஆலை இயங்கி வருகிறது. சர்க்கரை, சாராயம் என்ற இரண்டுக்கும் கரும்பே மூலம் என்பதை அறிந்தவர், கண்ணாடிச் சோப்பில் கரும்புக்கும் பங்குண்டு என்பதைக் கண்டு வியக்கமாட்டார்.

தொழிற்பேட்டைக் காற்றின் வாடையை இவ்வூர் மக்கள் தெளிவாக வகைபிரித்துச் சொல்வார்கள். 2004இல் அவர்களே பயிற்சி பெற்று, வாளியும் பிளாஸ்டிக் பையும் கொண்ட எளிய கருவியால் காற்று மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியபின், நாற்றம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கியிருந்தவை தனித்தனி வேதிப்பெயர்களாகப் பிரிந்தன. சோப்பு உறையில் வாசனைப் பொருள் என்று ஒரே சொல்லாக அச்சாவதும் பல பத்துச் சேர்மங்களின் கூட்டே. அவற்றுள் லிமோனின், லினலூல் போன்றவை காற்றுபட்டு ஆக்சிசனேற்றம் அடைந்தபின் சிலருக்குத் தோல் ஒவ்வாமை உண்டாக்கக் கூடியவை என்பதால், ஐரோப்பிய நாடுகளில் அவற்றைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டுமென விதித்திருக்கிறார்கள். அரிப்பும் தடிப்பும் உள்ளவர் நிறத்தையோ நுரையையோ சந்தேகிப்பதற்கு முன் இந்த ஒற்றைச் சொல்லைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆலைகளின் எல்லையிலிருந்து கிழக்கே கடற்கரையை நோக்கித் திரும்பினால், நொச்சிக்காடு, தியாகவல்லி முதலிய ஊர்களின் மணற்பாங்கான நிலங்களில் ஆள் உயரத்துக்குப் புல் அடர்ந்து நிற்கிறது. அது வெட்டிவேர். மேலே காணும் தாளுக்கு மதிப்பில்லை. மணலுக்கடியில் நேர்கீழாக இறங்கும் சல்லிவேரே விளைச்சல். ஏறத்தாழ ஓராண்டு வளர்த்துத் தோண்டி எடுத்து, மண் போக அலசி, வெயிலில் உலர்த்தினால், செம்பழுப்பு நிறத்தில் சணல் பிரி போலக் கிடக்கும் வேர் கற்றையாகக் கட்டப்படும். இளகிய மணல் என்பதால் வேர் அறுபடாமல் முழுதாக வருவதே இக்கரையோர நிலத்தின் சிறப்பு. நீராவியில் வடித்தால் தேன்போல் கெட்டியான தைலம் மிகச் சிறிதளவே, அதுவும் பல மணி நேரம் கழித்தே இறங்குகிறது. எளிதில் ஆவியாகாத இக்குணத்தாலேயே அது வாசனைத் தொழிலில் நிலைநிறுத்தியாகப் பயன்படுகிறது. எலுமிச்சை போன்ற இலேசான மணங்கள் சோப்பைப் பிரித்த சில நாளில் பறந்துவிட, கட்டி தேய்ந்து தகடாகும் வரை எஞ்சி நிற்பது வெட்டிவேரைப் போன்ற கனமான மணமே. ஒரு புறம் புகைபோக்கி, மறுபுறம் இந்தப் புல், இடையே உப்பனாறு. சோப்பின் செயற்கை, இயற்கை என்ற விவாதத்துக்கு இவ்வளவு பொருத்தமான நிலக்காட்சியை எவரும் திட்டமிட்டு அமைத்திருக்க முடியாது.

ஆனால் அவ்விவாதம் பெரும்பாலும் தவறான இடத்திலேயே நடக்கிறது. இயற்கையானது எதுவும் தோலுக்கு இதமானது என்ற நம்பிக்கையை இந்த மாவட்டமே மறுக்கிறது. பண்ணுருட்டி முந்திரியின் தோட்டில் உள்ள எண்ணெய் பட்ட விரல்கள் கொப்பளிக்கும் என்பதைக் கொட்டை உடைக்கும் பெண்கள் நன்கறிவார்கள்; அதில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் உள்ளன. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரமோ அதைவிடக் கடுமையானது: பிச்சாவரத்துச் சதுப்பில் இன்றும் செழித்திருக்கும் தில்லையின் பால் தோலில் பட்டால் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையையே மறைக்கும். கோயிலின் தலமரம் என்ற புனிதம் அதன் வேதியியலை மாற்றிவிடவில்லை.

புதுச்சத்திரம், பு.முட்லூர் வழியாக வெள்ளாற்றைக் கடந்து சிதம்பரத்தை அடையும்வரை, கடலுக்கு அருகே உள்ள பல கிணறுகளில் நீர் கரிப்பாகவும் கடினமாகவும் இருப்பதால், உறையின் வாலில் வரும் ஈ.டி.டி.ஏ., எட்டிட்ரோனிக் அமிலம் என்ற இரண்டு பெயர்களின் பயன் இங்கே எளிதில் புரியும். கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நீரில் கரையாத வெண்படலமாகத் திரிவதால்தான் குளியலறைத் தரையில் பிசுக்கு ஒட்டுகிறது, உடம்பு எத்தனை முறை அலசினாலும் பிசுபிசுக்கிறது. அவ்விரண்டு பொருள்களும் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்பவை. ஆனால் கட்டியில் இருக்கும் அளவு, சோப்பு நிறம் மாறாமலும் சிக்கு வாடை அடிக்காமலும் காக்கப் போதுமேயன்றிக் கிணற்று நீரை மென்னீராக்கப் போதாது.

சிதம்பரத்தின் கிழக்கே, 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அதனைச் சார்ந்து தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரியும் அண்ணாமலை நகர் என்ற தனி ஊராகவே விரிந்திருக்கின்றன. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஜெர்மனியில் ஷாடே, மார்கியோனினி என்ற இரு மருத்துவர்கள், மனிதத் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத் தன்மை கொண்ட போர்வையால் மூடப்பட்டிருக்கிறது என்று எழுதினார்கள். அமில, கார அளவைக் குறிக்கும் பி.எச். எண்ணில் 7 நடுநிலை. ஆரோக்கியமான தோல் 5ஐ ஒட்டி நிற்கிறது, சோப்புக் கரைசலோ 9க்கும் 10க்கும் இடையில் நிற்கிறது. கொழுப்பு அமில உப்பு என்ற அளவிலேயே சோப்பு காரத்தன்மை உடையது என்பதால், பி.எச். 5.5 உடைய உண்மையான சோப்பு என்று ஒன்று இருக்க முடியாது. அவ்வாறு எழுதிய கட்டி சின்டெட் எனப்படும் செயற்கைச் சலவைப் பொருளால் ஆனது. அதன் உறையில் சோடியம் லாரோயில் ஐசெதியோனேட் போன்ற பெயர் முதலிடத்தில் நிற்கும். நல்ல தோலுக்குச் சோப்பின் காரம் சில மணி நேரத்தில் சரியாகிவிடும் சிறு இடையூறுதான். வறண்டு வெடிக்கும் தோலுக்கும் கரப்பான் உள்ளவர்க்கும் சின்டெட் கட்டியே நலம். அதற்கு டி.எஃப்.எம். குறைவாக இருந்தால் தரக்குறைவு என்று எண்ணக்கூடாது, ஏனெனில் அந்த அளவுகோல் சோப்புக்காக வகுக்கப்பட்டது. கிருமிநாசினிச் சோப்பைப் பொறுத்தவரை, டிரைக்ளோசான், டிரைக்ளோகார்பன் உள்ளிட்ட 19 பொருள்கள் சேர்ந்த கழுவு பொருள்களை விற்கக் கூடாதென்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் முடிவு செய்தது. சாதாரணச் சோப்பையும் நீரையும் விட அவை மேலானவை என்பதற்கு உற்பத்தியாளர் தக்க சான்று தரவில்லை என்பதே அதன் காரணம்.

நடராசர் திருமேனிக்கு ஆண்டில் ஆறு முறை நடைபெறும் அபிஷேகங்களுள் ஆனி உத்திரமும் மார்கழித் திருவாதிரையும் ஆயிரங்கால் மண்டபத்தில் பெருந்திரள் கூட நிகழ்பவை. சைவ ஆலயங்களில் அபிஷேகப் பொருள்களின் வரிசையைப் பக்திக்கண்ணோடு வேதியியல் கண்ணாலும் பார்ப்பவருக்கு ஒரு நுட்பம் புலப்படும்: முதலில் எண்ணெய், அதன் பின் மாப்பொடி, நெல்லிமுள்ளிப் பொடி, மஞ்சள் பொடி, அதற்குப் பிறகே பாலும் தயிரும் தேனும் இளநீரும் சந்தனமும். எண்ணெய் பழைய பிசுக்கை இளக்க, உலர்ந்த மாவு அதனை உறிஞ்சிக்கொண்டு நீரோடு இறங்குகிறது. காரம் சிறிதும் சேராத கழுவுமுறை இது. செம்பு கலந்த திருமேனிக்கும் தோலுக்கும் ஒருசேரப் பொருந்துவது.

தேரோடும் வீதிகளை ஒட்டிய நாட்டு மருந்துக் கடைகளில் இதே முறையின் வீட்டு வடிவம் நலங்கு மாவாக விற்கப்படுகிறது. பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கோரைக்கிழங்கு, கார்போக அரிசி, ஆவாரம்பூ, ரோஜா மொட்டு, கஸ்தூரி மஞ்சள் இவற்றோடு வெட்டிவேரும் சேரும். சாக்குகளின் வாய் திறந்தே இருப்பதால் வாங்குபவர் எதையும் எடுத்து முகர்ந்து, எது எவ்வளவு என்று சொல்லி நிறுக்கச் செய்யலாம். பொருட்பட்டியலே கண்முன் எடைபோடப்படுகிறது. பயறும் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் அழுக்கை எடுப்பதற்கு அவற்றிலுள்ள சபோனின் என்னும் நுரைக்கும் சேர்மங்களும் காரணம். ஒரு குறையையும் சொல்லவேண்டும்: ஈரக் குளியலறையில் திறந்து வைத்த மாவு விரைவில் பூஞ்சைக்கு இடமாகும், கார்போக அரிசியில் உள்ள சோராலன் தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும் என்பதால் அளவு மீறுதல் ஆகாது. இதே மூலிகைகளின் பெயரைத் தாங்கிய ஆலைச் சோப்பிலோ அவை பட்டியலின் வாலில், ஒரு சதவீதத்துக்கும் கீழே, சாறு என்ற பெயரில் இருக்கும். அரை நிமிடத்தில் நீரோடு போகும் நுரையில் அவை தோலுக்கு என்ன செய்ய இயலும் என்ற கேள்வியை உறை கேட்பதில்லை.

அண்மை ஆண்டுகளில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் செய்யும் கைச்சோப்புகளும் இக்கடைவீதிகளில் இடம்பிடித்திருக்கின்றன. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில், சூடாக்காமல் சோடாக் கரைசலைக் கலந்து அச்சில் ஊற்றும் இம்முறையில் கிளிசரின் முழுவதும் கட்டியிலேயே தங்குகிறது. வினை பெரும்பாலும் ஒருநாளில் முடிந்துவிட்டாலும், மிச்சமுள்ள நீர் வற்றிக் கட்டி இறுகி இதமாவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் காற்றோட்டத்தில் அடுக்கி வைக்க வேண்டும். முழுக்கத் தேங்காய் எண்ணெயில் செய்தது கடினநீரில் நன்கு நுரைக்கும், வறண்ட தோலை மேலும் வறட்டும்; நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ கலந்தது சற்று மெதுவாக நுரைத்தாலும் இதமானது. இத்தகைய கட்டியை வாங்குபவர் விற்பவரிடம் கேட்கவேண்டியவை இரண்டு: எந்தெந்த எண்ணெய், எந்தத் தேதியில் அச்சில் ஊற்றியது. மூலிகையின் பெயரை அவர் கேட்காமலே சொல்லிவிடுவார்.